ஒன்பது துவாரமும் ஒரு கல்லும்

மேல்மாடிக் கிரகம்: பதினோராம் அத்தியாயம்

காலைக் காப்பி ஆறுவதற்குள் புள்ளிகள் வந்துவிட்டன.

ஜகன்னாத் அவற்றுக்காகத்தான் காத்திருந்தான். வெள்ளிக்கிழமை டெமோவை இணையத்தில் வைத்திருந்தார்கள். அதை இறக்கி விளையாடியவர்கள் எங்கெங்கே நடந்தார்கள், எங்கே நின்றார்கள் என்று காட்டும் வரைபடம் இது. ஒருவர் ஓரிடத்தில் அரை நிமிடம் அசையாமல் நின்றால் மஞ்சளாக ஒரு புள்ளி விழும். பலர் நின்ற இடம் சிவந்து போகும்.

அவன் கட்டிய கிரகம் மேலிருந்து பார்க்கும் கோணத்தில் திரையை நிறைத்திருந்தது. ஏழு மதில்கள், ஏழு சுற்றுகள். வெளிச் சுற்றில் ஒரு விண்கலம் உடைந்து கிடக்கும். கவசம் அணிந்த ஒரு பெண், நில அளவையாளர், அதிலிருந்து இறங்கி உள்ளே, மேலும் உள்ளே நடக்க வேண்டும். துப்பாக்கி கிடையாது. எதிரி கிடையாது. இந்த ஊரைக் கட்டியவர்கள் யார், ஏன் போய்விட்டார்கள் என்பதுதான் ஆட்டம்.

டெமோவில் முதல் மூன்று சுற்றுகள் மட்டும்.

முதல் சுற்றில் சாய்ந்து கிடக்கும் கோபுரத்தின் அருகே அங்கங்கே மஞ்சள். மூன்றாம் சுற்றின் தொங்கு பாலத்தில் இரண்டே புள்ளிகள். அந்தப் பாலத்துக்கு அவன் எட்டு மாதம் கொடுத்திருந்தான். அதன் அடியில் ஓடும் நீரின் ஓசைக்காக வாடகை மைக்கோடு முக்கொம்பு மதகருகே நாள் முழுக்க வெயிலில் நின்றிருந்தான்.

இரண்டாம் சுற்றின் ஒரு மூலை மட்டும் குங்குமம் கொட்டியதுபோல் சிவந்திருந்தது.

அங்கே இருப்பது ஒரு சின்ன அறை. அதை அவன் கட்டவில்லை. மாலினி கட்டினாள்.

இந்தக் குடும்பத்தை இந்த வாரம்தான் சந்திப்பவர்களுக்குச் சில வரிகள். ஜகன்னாத் நான்கு வருடம் முன்பு சென்னை வேலையை விட்டுவிட்டு ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் இருக்கும் தன் வீட்டு மேல்மாடி அறைக்கு வந்து உட்கார்ந்தான். ஏழு சுற்று என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று ஏழு பிராகாரக் கோயில் இருக்கும் இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மனைவி மாலினி தில்லைநகரில் ஒரு வங்கிக் கிளையில் அதிகாரி. அவளுடைய பிறந்த வீடு திருவானைக்காவல் சன்னதித் தெருவில். கல்லூரியில் ஒரே வகுப்பு. இந்த வீட்டில் ரசத்தைச் சாத்துமது என்று சொல்ல அவள் கற்றுக்கொண்டதுபோலவே, மாலை வேளைகளில் அவனருகே உட்கார்ந்து கிரகம் கட்டவும் கற்றுக்கொண்டாள். சென்ற மழைக்காலத்தில் அவன் காய்ச்சலில் படுத்திருந்தபோது, இரண்டாம் சுற்றில் காலியாகக் கிடந்த ஒரு மூலையை அவள் ஒரு வாரத்தில் நிரப்பினாள். கீழே அவனுக்குக் கஞ்சி வைத்துக்கொண்டே, மேலே.

இன்று மாலை நான்கு மணிக்கு ஸ்டாக்ஹோமிலிருந்து இங்கிரிட் பேசப்போகிறாள். சிறு குழுக்களின் விளையாட்டுகளை வெளியிடும் ஒரு நிறுவனத்தின் சார்பில், இந்த விளையாட்டை எடுத்துக்கொள்வதா என்று இன்று சொல்வாள். அதற்கு முன்னால் புதிய வடிவத்தை அவளுக்கு அனுப்ப வேண்டும்.

அதைத்தான் ஜகன்னாத் செய்திருக்க வேண்டும். அவன் கருத்துகளைப் படித்துக்கொண்டிருந்தான்.

கனடாவில் ஒருவர், விளையாடுவதைப் பேசிக்கொண்டே வீடியோ எடுத்தவர், அந்த அறைக்குள் போய், பேச்சை நிறுத்திவிட்டு, அப்படியே உட்கார்ந்திருந்தார். அந்த வீடியோவை அவன் முழுக்கப் பார்த்தான். யாரோ ஒரு பெண், வேலையிலிருந்து வந்ததும் பத்து நிமிடம் அந்த அறையில் இருந்துவிட்டுத்தான் சமைக்கப் போவதாக எழுதியிருந்தாள். பாலத்தைப் பற்றி ஒரே ஒருவர் எழுதியிருந்தார். பாலத்தின்மேல் போகும்போது படம் திக்குகிறதாம்.

மாலினி இதற்கு ஆசைப்பட்டுக்கூடச் செய்யவில்லை. அதுதான் அவனைக் குடைந்தது.

* * *

"தள்ளிக்கோ. என் நேரம் வந்துடுத்து."

அம்மா கோதைநாயகி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தாள். பெண்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். தளிகை முடிந்து பெருமாளுக்கு அமுது செய்வித்த பிறகு தினமும் அரை மணி நேரம் மாடிக்கு வந்து விளையாடுவாள். சண்டை இல்லாத விளையாட்டு என்பதால் ஒப்புக்கொண்டது. குறை சொல்வதற்கென்றே வருகிறாள் என்று மாலினி சிரிப்பாள்.

ஜகன்னாத் வரைபடத்தை மூடிவிட்டு கண்ட்ரோலரைக் கொடுத்தான்.

கவசப் பெண் கலத்திலிருந்து இறங்கினாள். கோபுரத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. மதிலைத் தாண்டி இரண்டாம் சுற்றுக்குள் நுழைந்து நேராக மூலைக்குப் போனாள். அங்கே இடுப்பளவு உயரத்தில் ஒரு வாசல். பக்கத்துச் சுவரில் கல்லில் குடைந்த ஒரு சாளரம், ஒன்பது துவாரங்களோடு. கவசப் பெண் குனிந்து உள்ளே போனாள். ஈரத் தரை. எங்கிருந்து என்று தெரியாமல் நீர் கசிந்துகொண்டிருந்தது. துவாரங்கள் வழியாக விழுந்த வெளிச்சம் நீரில் அசைந்தது.

அம்மா அவளை உட்கார வைத்தாள்.

"ஏம்மா இன்னிக்கும் நேரா இங்கயே வந்துட்டே?"

"கால் வலிக்கறது."

"உனக்கா, அவளுக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான்."

அறையில் நீர் சொட்டும் ஓசை மட்டும். மாலினி அதைத் தன் பிறந்த வீட்டுக் கொல்லையில், குழாயடியில் கிடந்த நனைந்த கோணிப்பையின் மேல் போனை நீட்டிப் பதிவு செய்தாள். மைக் வாடகைக்கு எடுக்கவில்லை.

"நன்னா பண்ணியிருக்கேடா," என்றாள் அம்மா. "மத்ததெல்லாம் பெரிசு பெரிசா இருக்கு. அண்ணாந்து பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துப் போறது. இது ஒண்ணுதான் மனுஷா இருந்த இடமா இருக்கு. நம்ம கோயில்ல இது எந்த இடம்டா? எனக்குப் பிடிபடலை."

அவன் சொல்லியிருக்கலாம். இரண்டு வார்த்தை போதும்.

"ஏதோ ஒரு இடம்மா," என்றான்.

* * *

அம்மா கீழே போனதும் அவன் இரண்டாம் சுற்றைத் திறந்தான்.

வெள்ளைப் பலகையில் மாலினியின் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: கேட்காமல் தொடாதே. விதியைப் போட்டது அவன்தான். ஒரு மாலை அவள் அவனுடைய நிலவைக் கொஞ்சம் கீழே இறக்கி வைத்துவிட்டாள். மூன்று நாள் கோபத்துக்குப் பிறகு இந்த விதி வந்தது. அவள் அதை எழுதினாள். நிலவு அவள் வைத்த இடத்திலேயே இருந்துவிட்டது, அங்கேதான் நன்றாக இருந்தது என்பதால்.

பாலத்தில் படம் திக்குகிறது என்பது உண்மை. நீர் ஓடும் அறை கணினிக்குப் பாரம் என்பதும் உண்மை. பாரத்தைக் குறைக்க வேறு பத்து வழிகள் இருந்தன, அவன் கல்லைத் தேர்ந்தெடுத்தான். முதல் சுற்றுக் கோபுரத்திலிருந்து விழுந்த கற்களில் ஒன்றைப் பிரதி எடுத்து, அளவைப் பெருக்கி, குனிந்து நுழையும் அந்த வாசலில் நகர்த்தி வைத்தான். இடைவெளி இல்லாமல் பொருந்தியது. பார்த்தால் ஆதியிலிருந்தே அங்கே இருந்ததுபோல் இருந்தது. அதில்கூட அவனுக்கு ஒரு சின்னத் திருப்தி.

மாற்றத்தைச் சேமிக்கும்போது கணினி காரணம் கேட்டது. 'வேகம்' என்று போட்டான்.

ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்கவில்லை. அப்படியே இங்கிரிட்டுக்கு அனுப்பினான்.

* * *

மாலினி அரை நாள் விடுப்பில் வந்து சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"எங்க பிராஞ்ச்ல கேஷ்ல ரெஜிஸ்னு ஒருத்தர் இருக்கார். அவர் பொண்ணு பெலிண்டா டெமோவை இறக்கியிருக்கா. அந்த ரூம்ல கேமை நிறுத்தி வெச்சுண்டுதான் ஹோம்வொர்க் பண்றாளாம். வேற எங்கயும் போக மாட்டேங்கறாளாம். அவர் வந்து என்கிட்ட கம்ப்ளெய்ன்ட் மாதிரி சொல்றார்."

"பாலம் வரைக்கும் போனாளாமா?" என்றான் ஜகன்னாத்.

"கேக்கலையே."

"கேட்டிருக்கலாம்."

மாலினி அவனை ஒரு கணம் பார்த்துவிட்டுக் கை கழுவப் போனாள்.

இலை போடவில்லை, தட்டுதான். அம்மா சாத்துமது ஊற்றினாள். "எந்த ரூமைச் சொல்றே? நான் காலம்பற உக்காந்துண்டிருந்தேனே, அந்த ஈர ரூமா?"

"அதேதாம்மா."

"நானும் அதைத்தான் சொல்லிண்டிருந்தேன். இவன் இத்தனை வருஷம் மாடில என்ன பண்றான்னு எனக்கே சந்தேகமாத்தான் இருந்துது. அந்த ரூமைப் பார்த்தப்புறம்தான் நம்பிக்கை வந்துது. என்ன இருந்தாலும் என் பிள்ளை."

மாலினியின் கை தட்டில் நின்றது. அவள் ஜகன்னாத்தைப் பார்த்தாள். அவன் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தான். ஏற்கெனவே பிசைந்த சாதம்.

"இவன் பண்ணினதுதானே?" என்றாள் அம்மா.

மாலினி இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள்.

"ஆமாம்மா," என்றாள்.

"கறமது போட்டுக்கோ," என்றாள் அம்மா, பொரியல் கிண்ணத்தை நகர்த்தி.

மாடிப்படி ஏறும்போது, அம்மாவின் காதுக்கு எட்டாத உயரம் வந்ததும் மாலினி நின்றாள். அவனை 'டா' போட்டுக் கூப்பிடுவது கல்லூரிப் பழக்கம். மாமியார் எதிரில் மட்டும் அது வராது.

"ஏன்டா சொல்லலை?"

"எதை?"

"சரி, விடு." இரண்டு படி ஏறினாள். "இங்கிரிட் போன தடவையே கேட்டா, ஆரம்பத்துல யார் யார் பேர் வரணும்னு. டெமோல உன் பேர் மட்டும் இருக்கு. நான் ஒண்ணும் சொல்லலை. முழு கேம்ல ரெண்டு பேர் பேரும் போடலாமா?"

"பார்க்கலாம்."

"இதுல என்ன பார்க்கறதுக்கு இருக்கு?"

"இங்கிரிட் பேசி முடிக்கட்டும், மாலினி."

* * *

இங்கிரிட் சுருக்கமாகப் பேசுகிறவள். வணக்கம் சொன்னாள், மழை எப்படி என்று கேட்டாள், தன் திரையைப் பகிர்ந்தாள். புதிய வடிவத்தை இன்னும் திறக்கவில்லை என்றும், இவர்கள் முன்னால் விளையாடிப் பார்க்க விரும்புவதாகவும் ஆங்கிலத்தில் சொன்னாள்.

ஜகன்னாத்தும் மாலினியும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்தார்கள்.

கவசப் பெண் கலத்திலிருந்து இறங்கினாள். இங்கிரிட்டும் கோபுரத்தைப் பார்க்கவில்லை. இரண்டாம் சுற்றுக்குள் வந்து மூலையை நோக்கித் திரும்பினாள்.

வாசலில் கல் இருந்தது.

மேசைமேல் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்த மாலினியின் விரல் நின்றது. ஜகன்னாத் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வேகத்தைப் பற்றிய வாக்கியத்தை ஆங்கிலத்தில் மனதுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டான்.

இங்கிரிட் கல்லைச் சுற்றிப் பார்த்தாள். தள்ளிப் பார்த்தாள். பிறகு அவன் எதிர்பாராத ஒன்றைச் செய்தாள். போகாமல் அங்கேயே நின்றாள்.

கல்லுக்குப் பின்னால் நீர் சொட்டும் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. ஓசை மாறியது. முன்பு தரையில் விழுந்த நீர், இப்போது நீரில் விழுந்தது.

ஜகன்னாத்துக்கு அப்போதுதான் புரிய ஆரம்பித்தது. அந்த அறையின் நீர் வெறும் படம் இல்லை. அது சுவரிலிருந்து கசிந்து, தரையில் பரவி, வாசற்படியில் இருந்த ஒரு பிளவில் இறங்கி வடிந்து போகும்படி மாலினி அமைத்திருந்தாள். அவன் வாசலை அடைத்துவிட்டான். கசிவு நிற்கவில்லை.

சாளரத்தின் அடிவரிசைத் துவாரம் ஒன்றின் விளிம்பு கறுத்தது. நனைகிறது. ஒரு நூல்போல நீர் இறங்கியது. பக்கத்துத் துவாரத்தில் இன்னொன்று. பிறகு நடுவரிசை. பிறகு மேல்வரிசை. ஒன்பது துவாரங்களிலிருந்தும் நீர் கொட்டியது. இரண்டாம் சுற்றின் உலர்ந்த கல் தரையில் அது நடந்து வந்தது, கவசப் பெண்ணின் காலடி வரைக்கும். மாலினி இறக்கி வைத்த நிலவு அதில் முதல் தடவையாகத் தெரிந்தது.

இங்கிரிட் நாற்காலியில் சாயும் சத்தம் கேட்டது. டெமோவில் அந்த அறை சும்மா திறந்து கிடந்தது, வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். இப்போது அது வெளியே வரப் பார்க்கிறது என்றாள். ஆட்டமே இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்றாள். ஏழு சுற்றுகள் வேண்டுமா என்பதையும் யோசிக்கச் சொன்னாள். நான்கு போதும் என்று தனக்குத் தோன்றுவதாக.

பிறகு கேட்டாள். வாசலை மூடலாம் என்று யோசித்தது யார்?

ஜகன்னாத் வாயைத் திறந்தான். அடுக்கி வைத்த வாக்கியம் வரவில்லை.

"கல் ஜகன்னாத்துடையது," என்றாள் மாலினி, நல்ல ஆங்கிலத்தில், வங்கியில் வாடிக்கையாளரிடம் பேசும் குரலில்.

அப்படியானால் தண்ணீர்?

யாரும் பதில் சொல்லவில்லை. இணைப்பில் கோளாறு என்று இங்கிரிட் நினைத்திருக்க வேண்டும். மேலே வரவேண்டிய பெயரையோ பெயர்களையோ நாளைக்குள் அனுப்பச் சொல்லி, கையசைத்துவிட்டுப் போனாள்.

* * *

"எப்ப மூடினே?"

"காலைல."

"ஏன்?"

"பாலத்துல திக்கறதுன்னு ஒருத்தன் எழுதியிருந்தான். பாரத்தைக் குறைச்சா..."

"ஜகன்."

அவன் நிறுத்தினான்.

"மூடினா தண்ணி எங்க போகும்னு பார்த்தியா?"

"இல்லை."

"அந்த ரூமைத் திறந்தாவது பார்த்திருக்கியா? எப்படிப் பண்ணியிருக்கேன்னு? ஒரு வருஷம் ஆகப்போறது."

அவன் பார்த்ததில்லை. கிரகத்தில் அவனுக்குத் தெரியாத கல் ஒன்றுகூட இல்லை. அந்த ஓர் அறையின் உள்ளமைப்பை மட்டும் அவன் திறந்ததே இல்லை. திறந்தால் நன்றாக இருந்துவிடும் என்ற பயம். அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

மாலினி மடிக்கணினியைப் பையில் வைத்தாள்.

"வயிறு எரிஞ்சா எரியறதுன்னு சொல்லிடுடா. எனக்கும் எரிஞ்சிருக்கு. நாலு வருஷமா நீ மாடில உக்காந்துண்டு உலகம் படைக்கறே. நான் தில்லைநகர்ல உக்காந்துண்டு, பாஸ்புக்ல என்ட்ரி சரியா விழலைன்னு சண்டைக்கு வரவாகிட்ட பதில் சொல்லிண்டிருக்கேன். சாயங்காலம் வந்தா நீ புதுசா ஒரு மலை வெச்சிருப்பே. எனக்கு எப்படி இருக்கும்? ஆனா நான் உன் வழியை அடைச்சேனா?"

"எங்க போறே?"

"தெரியலை."

ஸ்கூட்டர் சத்தம் உத்தர வீதி முனைவரை கேட்டது.

* * *

"காப்பி கலந்து வெச்சிருக்கேன், அவ பாட்டுக்குப் போறா," என்றாள் அம்மா. "அந்த வெள்ளைக்காரி வேண்டாம்னுட்டாளா?"

"இல்லைம்மா. வேணும்ங்கறா."

"பின்னே ஏன் ரெண்டு பேர் மூஞ்சியும் இப்படி இருக்கு?"

ஜகன்னாத் கடைசிப் படியில் உட்கார்ந்தான். "அந்த ரூமை நான் மூடிட்டேம்மா. கல் வெச்சு."

"என்ன பைத்தியக்காரத்தனம் இது. நான் நாளைக்கு எங்க போய் உக்காருவேன்?"

கணக்கு ஆசிரியைகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. விடை தப்பாக இருந்தால் முதல் வரியிலிருந்து திரும்ப வருவார்கள். "காலம்பற கேட்டேன், அது எந்த இடம்னு. நீ மழுப்பினே. எந்த இடம்டா அது?"

"திருவானைக்காவல்."

அம்மாவின் வைணவக் குடும்பத்தில் அந்தச் சிவன் கோயிலுக்கு யாரும் போனதில்லை. போகக்கூடாது என்று யாரும் சொன்னதுமில்லை. சத்திரம் பஸ் நிலையத்திலிருந்து வரும் பஸ் அந்தக் கோபுரத்தைத் தாண்டித்தான் ஸ்ரீரங்கம் வருகிறது. இவர்கள் இறங்க மாட்டார்கள், அவ்வளவுதான். மாலினியின் திருமணம் அந்தச் சன்னதித் தெரு மண்டபத்தில் நடந்தபோதும் பிள்ளை வீட்டார் மண்டபத்தோடு திரும்பினார்கள்.

"அந்தக் கோயிலா," என்றாள் அம்மா. டம்ளரை எடுத்து, தான் கலந்த காப்பியைத் தானே குடித்தாள். பிறகு உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். "வண்டியை எடு."

"எங்கம்மா?"

"பதினஞ்சு நாளா நான் தினம் போய் உக்காந்துண்டிருக்கேன். நிஜமா அது எப்படி இருக்குன்னு பார்க்க வேண்டாமா?"

சன்னதித் தெரு வீட்டில் மாலினி இல்லை. "வரலையே, மாப்பிள்ளை. வரேன்னாளா?" என்று மாமியார் வாசலுக்கு வந்து, சம்பந்தியைப் பின்சீட்டில் பார்த்துத் திகைத்து, "வாங்கோ, வாங்கோ, உள்ள வாங்கோ" என்றாள். "சேவிச்சுட்டு வந்துடறோம்," என்றாள் அம்மா. யாரை என்று சொல்லவில்லை.

கோயிலில் வரிசை நீளமாக இல்லை. அம்மா கருவறையின் ஒன்பது துவாரச் சாளரத்தின் முன்னால் நின்று மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கல்லில் முகம் படும்படி நெருங்கினாள். ஒரு துவாரம், பிறகு அடுத்தது. உள்ளே விளக்கொளியில் தரை நனைந்திருந்தது. ஒருவர் குனிந்து துணியால் நீரை ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார். எடுக்க எடுக்க அது மினுங்கியது.

"இன்னும் சின்னதா இருக்கே," என்றாள் அம்மா, துவாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "நீ கொஞ்சம் பெரிசு பண்ணிட்டே."

"நான் பண்ணலைம்மா."

அம்மா திரும்பவில்லை.

"மாலினி பண்ணினது. முழுக்க அவதான். நான் மூடினது மட்டும்."

பின்னால் நின்றவர் நகரச் சொன்னார். அம்மா நகர்ந்தாள். விபூதித் தட்டு வந்தது. அவள் ஒரு கணம் தயங்கி, வலது கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். நெற்றியில் இட்டுக்கொள்ளவில்லை. கொட்டவுமில்லை. மூடிய கையோடு வெளிப்பிராகாரம் வரைக்கும் நடந்தாள்.

"மத்தியானம் நான் கேட்டப்போ ஆமாம்னாளே அவ," என்றாள் அங்கே வந்த பிறகு.

"ஆமா."

"நீ சொல்லுவேன்னு காத்துண்டிருந்திருக்கா. நான்தான் கவனிக்கலை." மூடிய கையை அவனிடம் நீட்டினாள். "இந்தா. என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியலை. அவளைக் கேளு."

ஜகன்னாத் விபூதியை வாங்கிக் காகிதத்தில் மடித்தான். மாலினிக்குப் போன் செய்தான். மணி அடித்து நின்றது. மறுபடி அடித்து நின்றது.

வேறொன்று தோன்றி, போனில் வரைபடத்தைத் திறந்தான். இன்று காலை அனுப்பிய வடிவம் இங்கிரிட், அவன், மாலினி என்று மூன்று பேரிடம்தான் இருக்கிறது. அதில் விளையாடுகிறவர்களின் புள்ளி பச்சையாகத் தெரியும், நடந்தால் அதுவும் நகரும்.

ஒரே ஒரு பச்சைப் புள்ளி இருந்தது. தொட்டுப் பார்த்தான். ஊர்ப் பெயர் வந்தது: திருச்சிராப்பள்ளி.

"எங்க இருக்கா?" என்றாள் அம்மா.

அவன் திரையை விரலால் பெரிதாக்கினான். இரண்டாம் சுற்று. மூலை. புள்ளி கல்லுக்கு வெளியே இல்லை.

"உள்ள இருக்காம்மா. அந்த ரூம்குள்ள."

"நீதான் மூடிட்டேன்னியே."

"மூடிட்டேன். வேற வாசல் கிடையாது."

"உனக்குத் தெரிஞ்சு," என்றாள் அம்மா.

அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புள்ளி நகர்ந்தது. வாசல் பக்கம் வரவில்லை. எதிர்ச்சுவரை நோக்கிப் போனது. சுவரில் நிற்காமல், சுவரைத் தாண்டி, அவன் கட்டாத, அவனுடைய ஏழு சுற்றுகளில் எதிலும் சேராத ஓர் இருட்டுக்குள் இறங்க ஆரம்பித்தது.